நிழலில் உலர்த்தியது

அக்டோபர் 9

இவர் வாயில் என்ன போகிறதோ அதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கல்லீரல் ஏற்கெனவே பாதி கெட்டுப் போயிருக்கிறது. எப்போதோ ரத்தத்தில் ஒட்டிக்கொண்ட காமாலைக் கிருமி, சத்தம் காட்டாமல் இத்தனை வருஷம் உள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது. குடி கிடையாது, பீடி கிடையாது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக நின்றே காலத்தைத் தள்ளிய மனுஷனுக்கு இப்படி வந்திருக்கிறது. "சாப்பாட்டுல கவனமா இருந்தா பல வருஷம் ஓட்டலாம்மா" என்றார். அந்தப் பல வருஷத்தை ஓட்டிக் காட்டுவது என் பொறுப்பு.

இன்று காலை கஞ்சி ஒரு டம்ளர், இட்லி மூன்று. மதியம் ரசம் சாதம், முருங்கைக்கீரை. ராத்திரி மறுபடி கஞ்சி.

கஞ்சி என்றால் கடையில் வாங்கிய டப்பா மாவில் காய்ச்சியது இல்லை. என் மாவு. குணசுந்தரி என்கிற என் பேரை வைத்து, குணா சத்துமாவு. திருப்பாப்புலியூரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம், பச்சைப்பயறு, வேர்க்கடலை எல்லாவற்றையும் ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, உலர்த்தி, வறுத்து, மில்லில் அரைத்து வருவேன். அவர் பாக்கெட்டில் தேதி முத்திரை குத்துவார். டிக்கெட் கிழித்துப் பழகிய கை, கோணல்மாணல் இருக்காது. பாக்கெட்டின் மேலே பெரிய எழுத்தில் "நிழலில் உலர்த்தியது" என்று அச்சடித்திருக்கிறேன். வெயில் பட்டால் முளைகட்டிய தானியத்தின் சத்து போய்விடும். வாங்க வருகிறவர்களின் முதல் கேள்வியே "நிழல்ல காயவச்சதுதானே அக்கா?" என்பதுதான்.

நான் மட்டும் குடிப்பதில்லை. எனக்குக் காபி போதும். "அல்வா கடைக்காரன் அல்வா திங்க மாட்டான்" என்று அவர் கிண்டல் செய்வார்.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. கூடத்திலும் படுக்கையறையிலும் வேட்டி விரித்துத் தானியத்தைப் பரப்பி, மின்விசிறியைச் சுழல விட்டிருக்கிறேன். கால் வைக்க இடமில்லை. அவர் கட்டிலுக்குப் போகக் கம்பங்கொல்லையைத் தாண்டிப் போகிறார்.

எதிர்வீட்டுத் தமயந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல வெயில் அடிக்கறப்ப மாடில கொஞ்சம் போட்டு எடுங்களேன் அக்கா, நசநசன்னு இருக்குதே" என்றாள். வெயிலில் போட்டுவிட்டு நிழலில் உலர்த்தியது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள நான் என்ன ஏமாற்றுக்காரியா? சிரித்து அனுப்பிவிட்டேன். யோசனை சொல்வதற்குக் குறைச்சல் இல்லை. வாங்குவது மாதம் ஒரு கிலோ.

அக்டோபர் 21

மின்சாரம் இல்லை. நேற்றும் இல்லை.

அக்டோபர் 24

மக்காச்சோளத்திலும் வேர்க்கடலையிலும் ஓரமாக லேசாகப் பச்சை பூத்திருந்தது. மழைக்காலத்தில் செருப்பில்கூடத்தான் பூக்கிறது. மோசமாக இருந்ததைப் பொறுக்கிப் போட்டேன். மீதியை மூன்று தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு, வழக்கத்தைவிடச் சிவக்க வறுத்தேன். நெருப்பில் போட்டு எடுத்த பிறகு என்ன இருக்கப் போகிறது? கொஞ்சம் மக்கல் வாடை இருந்த மாதிரி தோன்றியது. மழை வாடைதான். ஏலக்காய் இரண்டு பிடி கூடப் போட்டேன். மில்லில் அரைத்து வந்தபோது வீடே மணத்தது.

அவர் காலை, மாலை இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தார்.

நவம்பர் 2

ஊரெல்லாம் காய்ச்சல். தெம்புக்குக் கஞ்சி கொடுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்லி அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. வாட்ஸப் குரூப்பில் ஆர்டர் குவிகிறது. இரண்டாவது முறை ஊறப்போட்டதும் இன்று அரைத்தாயிற்று. இதுவும் நன்றாகக் காயத்தான் இல்லை, ஆனால் காத்திருந்தால் முளை நீண்டுவிடும். நிற்காமல் வேலை. முதுகு போயிற்று. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 8

இவருக்குப் பசியே இல்லை. சாதத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் கஞ்சியை மூன்று வேளையாக்கிவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குது குணா" என்றார்.

"ஈரல் கெட்டவங்களுக்கு வாய் கசக்கத்தான் செய்யும். நாக்கு உங்களுது, மாவைக் குத்தம் சொல்லாதீங்க" என்றேன். நாட்டுச் சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். மறுபேச்சு இல்லாமல் குடித்தார். அந்தக் காலத்தில் பேருந்தில் எத்தனை பேரிடம் வாயாடியிருப்பார். வீட்டில் என்னிடம் மட்டும் ஜெயிக்க முடியாது.

நவம்பர் 13

பின் தெருவிலிருந்து ஷாஹிதா போன் செய்தாள். தனியார் பள்ளியில் டீச்சர். மகள் ஹனாவுக்கு மூன்று வயது. தாய்ப்பால் மறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்கு என் மாவுதான்.

"இந்தத் தடவை துப்பிடறாக்கா. ஆசையா குடிக்கறவதான். கசக்குதுன்றா."

"வாழைப்பழத்தைப் பிசைஞ்சு கலந்து குடும்மா. பிள்ளைங்க நாலு நாளைக்கு அடம் பிடிக்கும், அப்புறம் வழிக்கு வந்துடும்."

"சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்த பிறகு டப்பாவைத் திறந்து மாவை முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாடைதான் வந்தது.

நவம்பர் 17

கண் மஞ்சளாகிவிட்டது. வயிறு உப்பியிருக்கிறது. காலையில் ஆட்டோ பிடித்துப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடனே படுக்கை போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இவருக்கு ஆகாது என்று ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். இரண்டு முறை ஊற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 19

எழுதி வைக்கச் சொன்ன அதே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பெயர் பெர்னதெத். சின்ன வயசு, நிதானமான பேச்சு.

"ஒரே மாசத்துல இவ்ளோ மோசமாயிருக்கக் கூடாதும்மா. புதுசா என்ன சாப்பிட்டாரு? நாட்டு மருந்து ஏதாவது?"

மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை, மூன்று வேளையும் என் கையால் செய்த கஞ்சி என்று பெருமையாகவே சொன்னேன். எதெல்லாம் சேர்த்தது என்று கேட்டார். வேர்க்கடலை, மக்காச்சோளம் என்றதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். எப்படி உலர்த்தினீர்கள், மழையில் எத்தனை நாள் ஆயிற்று, பூஞ்சை ஏதும் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். வீட்டில் இருக்கும் மாவில் கொஞ்சம் கொண்டுவாருங்கள், சோதனைக்கு அனுப்பலாம் என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடையில் கண்ட கலரைக் கரைத்து விற்கிறானே, அவனை யாரும் கேட்பதில்லை. வீட்டில் சுத்தமாகச் செய்கிறவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இருந்தாலும் மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

இன்று மாலை அவருக்குக் கஞ்சி கொடுக்கவில்லை. பால் திரிந்துவிட்டது.

நவம்பர் 20

இன்றும் கஞ்சி இல்லை. ஃபிளாஸ்க்கை நன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இளநீர் கொடுத்தேன்.

நவம்பர் 23

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சி, சர்க்கரை போடாமல் நானே குடித்துப் பார்த்தேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 26

சோதனை முடிவு வந்துவிட்டது. மாவில் பூஞ்சை நஞ்சு, இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு இருக்கிறதாம். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகப் புரியவைத்தார். கண்ணுக்குத் தெரிகிற பச்சை ஒரு பக்கம், அது உள்ளே விட்டுப்போகிற நஞ்சு இன்னொரு பக்கம். பச்சையைத் துடைக்கலாம். நஞ்சு துடைத்தாலும் போகாது, அலசினாலும் போகாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. நேராக ஈரலைத்தான் போய்ப் பிடிக்கும்.

"இவருக்கு இது ஒண்ணாலதான் ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஏற்கெனவே ஈரல் பலவீனம். அதுக்கு மேல இது சேர்ந்திருக்கு."

"மத்தவங்களுக்கு?"

"இன்னிக்குக் குடிச்சா நாளைக்கே தெரியாது. அதுதான் இதுல மோசம். சில பேருக்கு வருஷக்கணக்குல கழிச்சுத்தான் தெரியும். யார் யாருக்கு வித்தீங்களோ இன்னிக்கே சொல்லிடுங்க. குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு முதல்ல."

சொல்கிறேன் என்றேன். கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

நவம்பர் 27

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, மீதி இருந்த மூட்டைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். இனி விற்கக் கூடாது, விற்றதையெல்லாம் நீங்களே திரும்ப வாங்க வேண்டும் என்றார். தமயந்தி வாசலில் நின்று பார்த்தாள். லைசன்ஸ் புதுப்பிக்க வந்தார்கள் என்று சொன்னேன்.

குரூப்பில் எழுத இன்று நேரமில்லை.

நவம்பர் 28

ஆஸ்பத்திரியில் நெட் சரியாக எடுக்கவில்லை.

நவம்பர் 29

மருந்துக் கடையிலேயே பாதி நாள் போயிற்று.

மாலையில் அவர் கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "குரூப்ல போட்டியா?"

"போட்டாச்சு."

"டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்றவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா குணா?"

நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 30

காலையில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அவர் கையில் என் போன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குரூப்பில் ஏதோ அடித்துக்கொண்டிருக்கிறார். வெறும் "யாரும்" என்பதுதான் வந்திருந்தது. அதற்கே மூச்சு வாங்கியது. போனைப் பிடுங்கி நானே எழுதினேன்.

"அன்பு வாடிக்கையாளர்களே, அக்டோபர் கடைசி, நவம்பர் தேதி போட்ட மாவு மழையால் தரம் சற்றுக் குறைந்துள்ளது. திருப்பித் தந்தால் புது மாவு தரப்படும்."

படித்துக் காட்டினேன். "விஷம்னு போடு" என்றார்.

"பதறிடுவாங்க. நீங்க சும்மா படுங்க."

"பதறட்டும்."

நான் மாற்றவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் என் மேல் கோபித்து அவர் முகத்தைத் திருப்பியதில்லை.

மத்தியானத்துக்குள் பதில்கள் வந்துவிட்டன. கட்டைவிரல், கும்பிடும் கை, இதயம். "பரவால்லக்கா, நல்லாத்தான் இருக்கு." "பாதி தீந்துடுச்சு, எதுக்குத் திருப்பிக்கிட்டு." "அடுத்தது எப்ப வரும்?" எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள். ஒருவர்கூடத் திருப்பித் தருகிறேன் என்று எழுதவில்லை. அவர் கேட்டால் நிறையப் பேர் தருகிறார்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 4

ஆளை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. என்னைப் பார்த்து, "உள்ள தள்ளி நில்லும்மா, படியில நிக்காதே" என்றார்.

டிசம்பர் 7

இன்று விடியலில் போய்விட்டார்.

டிசம்பர் 10

எழுத உட்கார இப்போதுதான் முடிந்தது. எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஏழாம் தேதி மத்தியானம் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தானியம் பரப்பிய அதே கூடம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் தெருக்காரர்கள் டீயும் காபியும் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. தமயந்தி பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு டம்ளரை என் உதட்டில் வைத்தாள்.

"ஒரு வாய் குடிங்கக்கா. உங்க மாவுதான். நீங்க இருக்கற நிலைமைக்கு இதுதான் தெம்பு."

ஏலக்காய் மணத்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பெரிய தூக்குவாளி நிறையக் காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறாள். பெண்கள் வரிசையில் பாதிப் பேர் கையில் டம்ளர். நாத்தனார் பேரன்கள் இரண்டு பேர் வாசற்படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்கிறார்கள்.

எழுந்தேன். தூக்குவாளியைக் காலால் எட்டி உதைத்தேன். "குடிக்காதீங்க! விஷம்! என் கையால காய்ச்சி அவருக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படிக் கிடக்கறாரு! துப்புங்கடா, கீழ துப்புங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். இதைவிடத் தெளிவாக எவளாலும் சொல்ல முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நாலு பேராக என்னைப் பிடித்து உட்காரவைத்து முகத்தைத் துடைத்தார்கள். "மனசு தாங்கல பாவம், என்னென்னமோ பேசறா." "எவ்ளோ பார்த்துப் பார்த்துக் கவனிச்சா, பழியைத் தன் தலையில போட்டுக்கறா பாரு." ஒருத்தி விசிறினாள். தமயந்தி தரையில் கொட்டியதை அழுதுகொண்டே துடைத்தாள். அந்தப் பையன்கள் டம்ளரைக் காலி செய்துவிட்டார்கள்.

பத்து நாளுக்கு முன்பு அந்த ஒரு வார்த்தையைப் போனில் போட்டிருந்தால் நம்பியிருப்பார்கள். இப்போது நான் புருஷனைப் பறிகொடுத்தவள். என்ன சொன்னாலும் ஒப்பாரிதான்.

டிசம்பர் 12

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை நான் வாசற்படி தாண்டக் கூடாது. அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நின்றால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. நாத்தனார் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். பேரப்பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் காட்டு என்று அவளிடம் கெஞ்சினேன். தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இன்று காலையில் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீடு தமயந்தி வீடு. கதவைத் திறந்தவள், வெறும் நெற்றியோடு நிற்கிற என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். அவள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். "அக்கா, இப்ப நீங்க... காரியம் முடியட்டுமே."

"மாவுப் பாக்கெட்டைக் குடுத்துடு. போயிடறேன்."

"அது இருக்கட்டும்க்கா, அப்புறம்..."

"குடுக்காம நான் நகர மாட்டேன். வேணும்னா உள்ள வந்து நானே எடுத்துக்கறேன்."

ஓடிப்போய் எடுத்துவந்தாள். வாசலிலேயே கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு வழி தெரிந்துவிட்டது. எந்த வீட்டிலும் விளக்கம் சொல்லவில்லை. கேட்டைத் திறந்து நடு வாசலில் போய் நிற்பேன். நின்றால் போதும். ஜன்னல் வழியாகவே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தீர்ந்துவிட்டது என்று முதலில் சொல்லிவிட்டு, நான் படியில் உட்காரப் போனதும் உள்ளே போய்க் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒரு வீட்டில் நான் தெருமுனை திரும்புவதற்குள் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. விஷம் என்று கத்தியபோது யாரும் பயப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பயந்தார்கள். அவமானமாக இருந்தது, தெருவில் நின்று அழுதேன். ஆனால் பை நிறைந்தது, வீட்டில் கொட்டிவிட்டு மறுபடி கிளம்பினேன்.

டிசம்பர் 13

பின் தெருவை நேற்றே முடித்திருக்க வேண்டும். ஷாஹிதா வீட்டுக்கு மட்டும் நேற்று கால் போகவில்லை. இன்று போனேன்.

"ஐயோ அக்கா, ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க." கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அன்றைக்குப் பள்ளியில் பரீட்சை இருந்ததால் எடுப்பதற்கு வர முடியவில்லை என்று கண் கலங்கினாள். இந்த இரண்டு நாளில் என்னை உள்ளே கூப்பிட்ட ஒரே வீடு. ஹனா வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, புடவைத் தலைப்பை எடுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டது.

மாவு தீர்ந்துவிட்டதாம்.

சொன்னேன். இவளிடம் அழவோ கத்தவோ இல்லை. பச்சை பூத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஷாஹிதா குறுக்கே பேசாமல் கேட்டாள். இவள் நம்புகிறாள் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.

"சோதனை முடிவு வந்தது என்னிக்கு?"

"இருபத்தாறாம் தேதிம்மா."

"எனக்கு மெசேஜ் வந்தது முப்பதாம் தேதி."

"ஆமாம்மா."

"தரம் சற்றுக் குறைவுன்னு போட்டிருந்தீங்க. ருசியைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறமும் ஒரு வாரம் குடுத்தேன். தெரிஞ்சேதான் அப்படிப் போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

அவள் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஹனா என்னைக் கேட்டு அழுவது கேட்டது. அப்புறம் ஷாஹிதா யாரிடமோ போனில் பேசினாள். நாளைக் காலை, பெரிய ஆஸ்பத்திரி, குழந்தைக்கு ஈரல் பரிசோதனை என்று இரண்டு தடவை சொன்னாள்.

போ என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்காலியை எடுத்த இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

நாளைக் காலை நானும் புதுச்சேரிக்குப் போகிறேன். அவள் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டாள். அவள் ஏறுகிற பேருந்தில் ஏறாமல் அடுத்ததில் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளி நின்றுகொள்வேன். என்னென்ன போட்டது, எவ்வளவு ஈரம் இருந்தது, எப்போது அரைத்தது என்று டாக்டரம்மா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.